அழாமல் சொல்லப் பழக்கினேன்

தங்கள் கதையைத் தாங்களே மேடையில் சொல்ல ஆட்களைத் தயார் செய்வது என் வேலை. வேலை என்றால் சம்பளம் இல்லாத வேலை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, ஒரு அலுவலகத்தில் ஃபைல்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற பிறகு, நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் எனக்கும் என் கணவருக்கும் ஒத்துவராது என்று தெரிந்துபோனது. தாராவியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். பட்டறைகளில் அடிபட்டுக் கை கால் போனவர்களுக்கு வைத்தியம் பார்த்து, வேறு வேலை தேடித் தருகிற இடம் அது.

நன்கொடை கொடுக்கிறவர்கள் அறிக்கை படிப்பதில்லை. வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்தாலும் அதில் வடையை வைத்துச் சாப்பிடுவார்கள். நேரில் ஒரு ஆள் வந்து நின்று சொன்னால்தான் கேட்பார்கள். மாட்டுங்காவில், செம்பூரில், தாணேயில் ஏதாவது ஒரு சங்கத்து ஹாலில் கூட்டம் போடுவோம். காபி வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். காபி வந்துவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்து கதை சொன்னாலும் எடுபடாது.

அப்படி நான் தயார் செய்தவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது 'அவள்' என்று வருகிறது, இருக்கட்டும். தாராவியில் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து தோல் பைகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தவள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் கணவருக்குப் பட்டறையில் பிரஸ் மிஷினில் இரண்டு விரல் போய்விட்டது. அதன் பிறகு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தாராம். எங்கள் நிறுவனம் கைக்குப் பயிற்சி கொடுத்து, செம்பூரில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட்மேன் வேலை வாங்கிக் கொடுத்தது. நல்ல கதை. சொல்லத்தான் ஆளுக்குத் தெரியவில்லை.

முதல் நாள் கேட்டேன். தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் வேலைக்கு வந்ததில் ஆரம்பித்தாள். மாமனார் வந்தார், மாமனாரின் தம்பி வந்தார், குடும்பத்துக் கோயில் கொடை விழா வந்தது. நான் இரண்டு டீ குடித்தாகிவிட்டது. கணவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

"ராமாயணம் பாடாதீங்கோ. மிஷின்லேர்ந்து ஆரம்பியுங்கோ" என்றேன்.

"மிஷின்ல இருந்தா? அப்பம் எங்க மாமனாரு?"

"மாமனார் வேண்டாம்."

"பாவம் மேடம். நல்ல மனுசன்."

"நல்ல மனுஷாளுக்கெல்லாம் நேரம் இல்லை."

சிரித்துவிட்டாள். எனக்கு முன்கோபம் அதிகம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் மட்டும் என் கோபத்துக்குச் சிரிப்பாள். அதனாலேயே அவளோடு ஒத்திகை பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

வெட்டி வெட்டிக் கதையைச் சின்னதாக்கினோம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருவதில் ஆரம்பம். சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாதங்கள். பிறகு ஒரு காலையில் அவள் தைக்க உட்கார்ந்துவிட, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று மகள் அழ, மீதி இருந்த மூன்று விரலால் அப்பாவே மகளுக்கு ரெட்டைச் சடை போட்டுவிடுகிறார். கோணல் சடை. மகள் அதை அவிழ்க்காமல் பள்ளிக்கூடம் போனாள். அங்கே முடித்துவிட வேண்டும். நன்றி என்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும்.

முதல் தடவை மாட்டுங்கா ஹாலில் சொன்னபோது, சடை வருவதற்கு முன்னாலேயே அவள் ஓவென்று அழுதுவிட்டாள். கேட்க வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு மாமி எழுந்து பாத்ரூம் போனாள். கூட்டமே குலைந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்று காபிகூடக் குடிக்கவில்லை.

"நீங்க அழுதா அவா அழ மாட்டா. நீங்க அழாம நின்னாத்தான் அவா அழுவா" என்று மறுநாள் சொன்னேன்.

"வருதே மேடம். நான் என்ன செய்ய?"

செய்ய வழி இருக்கிறது. நான் பழக்கினேன். தொண்டை அடைத்தால் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொள்ள வேண்டும். ஆள் முகத்தைப் பார்க்கக் கூடாது, கடைசி வரிசைக்கு மேலே சுவரைப் பார்க்க வேண்டும். கனமான வார்த்தைக்கு முன்னால் மூச்சு விட்டு நிறுத்தினால் வார்த்தை விழும், கண்ணீர் விழாது. நிறுவனத்தின் அறையில், கீழே பட்டறை சத்தத்துக்கு நடுவே, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். ஒரு நாள் முழுக்கதையும் கண் கலங்காமல் சொல்லி முடித்தாள். நான் கை தட்டினேன்.

அதற்கப்புறம் போன இடமெல்லாம் எடுபட்டது. அவள் கல் மாதிரி நிற்பாள், ஹாலில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில், "கண்ணாடி போட்ட அந்தத் தாத்தா அழுதாரு பாத்தியளா மேடம்?" என்று பெருமையாகக் கேட்பாள். மேடை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. இதற்கென்று ஒரு புடவை எடுத்து வைத்திருந்தாள். கணவரை நான் ஒரே ஒரு முறை செம்பூரில் அவர் வேலை செய்யும் கட்டடத்தில் பார்த்தேன். லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னையப் பத்திச் சொல்லிச் சொல்லியே அவ பெரிய ஆளாயிட்டா மேடம்" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு தடவையும் கேட்க வந்ததில்லை. மகளும் வந்ததில்லை. அவள் இப்போது வளர்ந்து நவி மும்பையில் கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் பேசுவது பாதி இந்தி.

தாணேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதற்காக அந்த வாரம் ஒரு நாள் காலையில் போனிலேயே ஒத்திகை பார்த்தோம். அவள் வீட்டிலிருந்து போன் என்றால் பின்னால் ஆயிரம் சத்தம் இருக்கும். குக்கர், டிவி, அடுத்த வீட்டுச் சண்டை. அன்றும் அப்படித்தான். இரண்டு மூன்று இடத்தில் தடுமாறினாள். மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை சரியாக வந்தது. நல்லா இருக்கு என்று வைத்துவிட்டேன்.

சாயந்திரம் மகளிடமிருந்து செய்தி வந்தது. அப்பா போயிட்டார் என்று இங்கிலீஷில் இரண்டே வார்த்தை.

நான் மார்க்கெட்டில் வெள்ளரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காலையில் அந்த வீட்டோடு பேசினேனே என்று திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது. அதோடு இன்னொன்றும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைக்கு யாரைப் பிடிப்பது? அந்த எண்ணம் வந்தவுடன் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வெள்ளரிக்காயைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எரித்து இரண்டு நாள் கழித்துப் போனேன். எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிப்பது என்போம். அவர்கள் துட்டி கேட்பது என்கிறார்கள். வருகிறவர்களை வா என்று சொல்ல மாட்டார்கள், அவர்களும் வந்தேன் என்று சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து, எப்படி நடந்தது என்று கேட்பார்கள். வீட்டுக்காரி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அடுத்த ஆள் வந்தால் மறுபடி முதலிலிருந்து. சொல்லும்போது அழுவாள், கேட்கிறவர்கள் சேர்ந்து அழுவார்கள். சொல்லிச் சொல்லியே துக்கம் கரையும் என்று அதற்கு அர்த்தமாம். நல்ல வழக்கம்தான்.

ஏணிப்படி ஏறி நான் போய் உட்கார்ந்தபோது அறையில் ஏழெட்டுப் பெண்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். ஊரிலிருந்து கணவரின் அக்கா வந்திருந்தாள். மகள் மூலையில் போனை வெறித்தபடி இருந்தாள். யாரோ ஒருத்தி, "எப்பிடிம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

"போன் அடிச்சிது" என்றாள் அவள்.

நிறுத்தினாள். மூச்சு விட்டாள்.

"சோடாக் கடைக்காரரு பேசுதாரு. ஒங்க வீட்டுக்காரரு இங்கன வந்து நின்னாரு, ஒரு சோடா கேட்டாரு, உடைச்சுக் குடுக்குததுக்குள்ள... விழுந்துட்டாருங்காரு."

நடுவிலிருந்து ஆரம்பித்திருந்தாள். போனில் ஆரம்பித்திருந்தாள். அவள் கண் யார் முகத்திலும் இல்லை, எங்கள் தலைக்கு மேலே சுவரில் இருந்தது. தாடை லேசாக இறுகியிருந்ததைப் பார்த்தேன். நாக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றது, வாயு என்று நினைத்தது, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு இறங்கியது, ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியது. ஒன்று விடாமல், ஒன்று கூடாமல் வந்தது. "கையில அந்த மூணு வெரலும் மடங்கியே இருந்திச்சு" என்று முடித்தாள். முடித்தவுடன் கை தானாகக் கும்பிடப் போனது. பாதியில் அதை மடியில் போட்டுக்கொண்டாள்.

சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அவள் அழவில்லை.

சொல்லி முடித்து என்னைப் பார்த்தாள். எப்போதும் மேடையிலிருந்து இறங்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். பழக்க தோஷம். நல்லா வந்தது என்று அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு தலையாட்டினேன்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வாசலுக்கு வந்தேன். கணவரின் அக்கா பின்னாலேயே வந்தாள்.

"நீங்கதான் இவள மேடையில பேச வச்சவியளா?" என்று கேட்டாள். "மூணு நாளாப் பாக்கேன். புருசன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு விடல. வாரவங்க போறவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒப்பிக்கா. எந் தம்பி இவளுக்கு என்ன கொற வச்சான்? இவகூட எப்பிடி வாழ்ந்தானோன்னு இருக்கு. நான் பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன்."

"அவ வருவாளா?" என்று கேட்டேன். பம்பாயை விட்டு ஒரு நாள்கூட வெளியே இருந்திராத பெண்.

"அவதான் வாரேங்கா."

மகளை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள். "மம்மி ஷோ பண்றாங்க ஆன்ட்டி. நீங்களே பாத்தீங்கல்ல? ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல நிறுத்தறாங்க. பப்பா இவங்களுக்கு ஸ்டோரிதான். எனக்கு இந்த வீட்ல இருக்க முடியாது. அத்தைகூடப் போறேன்."

வேலையை விட்டுவிட்டாளாம். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. புருஷன் போய் மூன்றாம் நாள், மகளும் போகப்போகிறாள், அதுவும் அம்மாவுக்குத் துக்கமே இல்லை என்று நினைத்துக்கொண்டு. அவளுக்குத் துக்கம் இல்லாமலில்லையடி, நான்தான் அடைத்து வைத்தேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கட்டியதை நாமே அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன். கதையை எப்படி உடைப்பது என்று எனக்குத் தெரியாதா?

உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதையில் இல்லாததாகப் பார்த்துக் கேட்டேன். அன்று என்ன சட்டை போட்டிருந்தார்? முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டார்? கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார்?

சட்டையைச் சொன்னாள், நீலக் கட்டம். சாப்பாட்டைச் சொன்னாள். ஒவ்வொன்றையும் அழகாக, மூச்சு விட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், "வாயுன்னாவ மேடம், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டாள். அவ்வளவு கெட்டிக்காரியாக்கி வைத்திருந்தேன். கோபத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடுங்கோ, ஒரு தடவை அழுதுடுங்கோ" என்று கத்தியே விட்டேன். அறை முழுக்க என்னைப் பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக்காரி வந்தாள். உத்தரப் பிரதேசத்துக்காரி. ஊருக்குப் போயிருந்தவள், ஸ்டேஷனிலிருந்து நேரே வந்திருக்கிறாள், தோளில் பை இருக்கிறது. துட்டி வீட்டு முறையெல்லாம் அவளுக்குத் தெரியாது. வந்தவள் நேராக அவள் முன்னால் மண்டியிட்டு, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "க்யா ஹுவா, பெஹன்?" என்று கேட்டாள். என்ன ஆச்சு, அக்கா?

அவள் வாயைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு பார்வையைக் கீழே இறக்கி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

அவளுடைய இந்தி தாராவி இந்தி. ஆண்பால் பெண்பால் கிடையாது. அதில் அவள் என்னோடு ஒத்திகை பார்த்ததே இல்லை. "வோ போலா... சீனா துக்தா" என்று ஆரம்பித்தாள். நெஞ்சு வலிக்கிறது என்றார். "மை போன் பே." நான் போனில் இருந்தேன். வார்த்தை கிடைக்காமல் கையால் காட்டினாள். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தாள். சும்மா இருங்க என்று சைகை செய்தாளாம். மறுபடி சொன்னாராம். மறுபடி விரலை வைத்தாளாம். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு அவரே இறங்கிப் போய்விட்டாராம். "உஸ்கா ஹி ஸ்டோரி போல் ரஹா தா மை" என்றாள். அவரோட கதையைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எதிர்வீட்டுக்காரி மடியில் விழுந்தாள்.

எனக்கு அந்தக் காலை அப்படியே திரும்பி வந்தது. போனில் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல். அவள் தடுமாறினாள். நான் சொன்னேன்: "யாரோ குறுக்கே பேசறா பாருங்கோ. கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கோ. மறுபடி முதல்லேர்ந்து." என் குரல், என் வார்த்தை. இரண்டு தடவை சொன்னேன்.

அவளுக்கு இந்தியில் பழக்கமில்லை, அதனால் உடைந்துவிட்டாள் என்றுதான் ஒரு நிமிடம் நினைத்தேன். அது மட்டும் இல்லை. அந்த அறையில் தமிழில் சொன்னால் கணவரின் அக்காவுக்குப் புரிந்துவிடும். அதற்குப் பயந்துதான் மூன்று நாளாக அதை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பழக்கியது அவளுக்கு அதற்குத்தான் உதவியிருக்கிறது.

அக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "என்ன சொல்லுதா? திடீர்னு என்ன சொல்லி இப்பிடி அழுதா? இந்தி எனக்குத் தெரியலயே, சொல்லுங்க."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடியிலிருந்து தலையைத் தூக்கி அவளும் பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. மூலையிலிருந்து எழுந்து வந்த மகள், பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும்.

"நெஞ்சு வலிக்கறதுன்னு ரெண்டு தடவை சொன்னாராம்" என்றேன். "வாயுவா இருக்கும்னு நெனச்சுட்டாளாம். அடுப்புல சுக்குத் தண்ணி வெச்சாளாம். கொதிக்கறதுக்குள்ள..."

நிறுத்தினேன். மூச்சு விட்டேன்.

"அவரே எறங்கிப் போயிட்டாராம்."

"ஐயோ, எந் தம்பி!" என்று அக்கா மார்பில் அடித்துக்கொண்டு போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "சுக்குத் தண்ணி குடிக்கக் குடுத்து வைக்கலயே ஒனக்கு! இத மனசுல வச்சிக்கிட்டா இருந்த, ஏட்டி?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சுற்றி இருந்தவர்களும் அழுதார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மகள் குனிந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கலைந்த மயிரை ஒதுக்கிவிட்டாள். "நான் ஊருக்கு வரல, அத்தை" என்றாள். அத்தை சரியென்று தலையாட்டினாள்.

பிறகு மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. அத்தைக்குப் புரியாத மொழியில்தான் சொன்னாள்.

"அச்சா போலா ஆப்னே, ஆன்ட்டி."

நன்றாகச் சொன்னீர்கள் என்றாள். நான் எழுந்து வாசலில் என் செருப்பைத் தேடினேன்.